பதினான்காம் வானம்

ஒரு படத்தைச் சுவரில் நேராக மாட்டுவது பார்ப்பதற்குத்தான் சுலபம், ஐயா. ஆணி அடித்து மாட்டிவிட்டு நான்கடி பின்னால் போய்ப் பாருங்கள், சாய்ந்திருக்கும். சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள், அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். இப்படியே அரைமணி நேரம் போனதும் வீட்டில் யாராவது, 'போதும் விடுங்க, நேராத்தான் இருக்கு' என்பார்கள். நேராக இருக்காது. அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் தலைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்த விதிமுறைப் பலகை கூட வலப்பக்கம் அரை விரல் இறங்கியிருக்கிறது. எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். அதைப் பார்க்காமல் பேச நான் பழகிக்கொள்கிறேன். தேநீர் நன்றாக இருக்கிறது, நன்றி.

நான் வந்தது ஒரு சின்னத் திருத்தத்துக்காக. கூடத்தில் அந்தத் திங்கட்கிழமை நடந்ததைப் பற்றி உங்கள் அலுவலகம் எழுதிய அறிக்கையில் ஒரு வரி தவறு. மற்றதெல்லாம் கச்சிதம். நேரம் சரி, அறையின் நீள அகலம் சரி, பலகையின் எடை கூடச் சரி. இவ்வளவு ஒழுங்காக வேலை செய்பவர்கள் அந்த ஒரு வரியில் சறுக்கிவிட்டீர்களே என்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை. எந்த வரி என்று முறையாகச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?

முப்பத்தொரு வருடமாக நான் ஓவியக் கண்காட்சிக் கூடத்தில் படம் மாட்டுகிறவன். வரைகிறவர்கள் வருவார்கள், போவார்கள். சுவர் அதேதான், நானும் அதேதான். தரையிலிருந்து படத்தின் நடுப்புள்ளிக்கு ஐம்பத்தெட்டு அங்குலம். இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு முழம். ஒரு கையில் தூக்குக்குண்டு, இன்னொரு கையில் ரசமட்டம். ரசமட்டத்தின் கண்ணாடிக் குழாய்க்குள் அந்தக் காற்றுக்குமிழி ஆடி ஆடி நடுவில் வந்து நிற்கும் பாருங்கள், அப்போது எனக்கு வரும் நிம்மதி சிலருக்குத் தூக்கத்தில் கூட வராது. கூடத்தில் எல்லோரும் என்னை 'ரசமட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்க மாட்டேன்.

வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை என் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அப்பா படம் சாய்ந்திருக்கிறதே என்று நாற்காலி போட்டு ஏறிவிட்டேன். மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க இது, கல்யாணம் பாக்க வந்தீங்களா, சுவர் பாக்க வந்தீங்களா? பொண்ணுக்குத் தாலி ஏறப் போகுது, நீங்க நாற்காலி ஏறி நிக்கிறீங்க."

இறங்கிவிட்டேன். ஆனால் சரிசெய்துவிட்டுத்தான் இறங்கினேன். இன்றைக்கும் அந்த வீட்டில் அந்தப் படம் மட்டும்தான் நேராக இருக்கிறது.

ஒரு ரகசியம் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆயிரம் படங்களை மாட்டியிருக்கிறேன், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. விளிம்புகளைப் பார்ப்பேன். நான்கு மூலைகளைப் பார்ப்பேன். படத்தின் பின்பக்கத்தில் வரைந்தவர் போட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்ப்பேன். அம்பு மேலே பார்க்க வேண்டும், அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். நடுவில் என்ன வரைந்திருக்கிறது என்பது என் வேலையில்லை. இன்னொன்று, என் கையால் மாட்டியது எதுவும் இதுவரை தானாக விழுந்ததில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓவியர் அக்காவுக்கு வருவோம். அறுபத்திரண்டு வயது. குரல் வாசலில் கேட்கும், ஆள் அப்புறம்தான் வருவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய வேன், ஒரு அடுப்பு, ஒரு கொசுவலை, பெட்டி நிறையச் சாயம் என்று எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய்விட்டார். பாலைவனத்தில் கொசுவுக்கு எங்கே போவது என்று நான் கேட்டபோது, "அங்க போன பிறகுதான் தம்பி தெரிஞ்சுது, மடிச்சுத் தலைக்கு வெச்சுக்கிட்டேன்" என்றார். இருபத்திரண்டு படங்களோடு திரும்பி வந்தார். இருபத்திரண்டும் வானம். மணல் கிடையாது, மலை கிடையாது, ஒட்டகத்தின் காது கூடக் கிடையாது. வெறும் வானம்.

துணியில் வரைந்தால் அந்த வெயிலில் துணி தொய்கிறது, மணல் வேறு வந்து ஒட்டுகிறது என்று, இடிந்து கிடந்த வீடுகளின் கதவுப் பலகைகளை வாங்கி, இழைத்துச் சேர்த்து, அதன் மேல் வரைந்திருந்தார். ஒவ்வொன்றும் கட்டில் அளவு. சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்த நண்பகல் வானம் ஒன்று. புழுதிக்காற்று எழுந்து செம்பு நிறமாகிப் போன வானம் ஒன்று. நட்சத்திரங்களைக் கையால் வாரி இறைத்ததுபோல் மூன்று. பதினான்காம் எண் வேறு மாதிரி. கடைசி நட்சத்திரமும் போன பிறகு, வெளிச்சம் இன்னும் வராத அந்த நேரம். பலகை முழுக்க ஒரே கருநீலம். ஒரு பக்கத்து ஓரம் மட்டும் மயிரிழை வெளுப்பு. அவ்வளவுதான் படம். எல்லாவற்றிலும் பெரிய பலகையும் அதுதான், இரண்டு ஆள் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டும்.

படங்கள் வந்து இறங்கிய அன்று அக்கா என் தோளில் தட்டி, "உன் கையில விட்டுட்டேன் தம்பி. நீ மாட்டினா நான் வந்து பாக்கவே வேண்டாம்னு சொல்றாங்க" என்றார். சொன்னபடியே ஆயிற்று. இரண்டு வருடம் பாலைவனத்தில் ஒரு கீறல் இல்லாமல் இருந்தவர், மறுநாள் சொந்த வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். திறப்பு விழாவுக்கு வர முடியவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால், மதியம். சுமைக்காரர்கள் இருவரும் பதினான்காம் எண்ணைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அவசரத்தில் தலைகீழாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், பின்னால் அம்பு தரையைப் பார்த்திருந்தது. வந்து திருப்பட்டும் என்று நான் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டுச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். மூலைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். இடது மூலை, வலது மூலை. எப்படி நடந்தது என்று தெரியவில்லை, இரண்டுக்கும் நடுவில் பார்த்துவிட்டேன்.

விழுந்தேன், ஐயா. முக்காலி கீழேதான் இருந்தது, நான் அதன் மேல்தான் இருந்தேன், ஆனாலும் விழுந்துகொண்டே இருந்தேன். வெளுப்பு தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது, காலடியில் கருநீலம் திறந்துகொண்டே இருக்கிறது. பயமாக இல்லை. சின்ன வயதில் அப்பா தூக்கிப் போட்டுப் பிடிப்பாரே, அந்தச் சந்தோஷம். கண்ணில் தண்ணீர் வழிந்து சாப்பாட்டில் விழுந்தது. ஐம்பத்து நான்கு வயதில் முதன்முறையாக ஒரு படத்தைப் பார்த்தேன். அது தலைகீழாக இருந்ததால்தான் பார்த்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சுமைக்காரர்கள் வந்தார்கள். "இப்படியே தூக்குங்க" என்றேன்.

"அண்ணே, அம்பு கீழ பாக்குதுண்ணே" என்றார் ஒருவர்.

"அது பாட்டுக்குப் பாக்கட்டும். நீ மேல பாத்துத் தூக்கு."

தூக்கினார்கள். ரசமட்டம் வைத்தேன். குமிழி ஒரே தடவையில் நடுவில் வந்து நின்றது. அதற்கு முன் அப்படி நின்றதே இல்லை.

கண்காட்சி அமோகமாகப் போயிற்று. வந்தவர்கள் முதல் பதிமூன்று வானங்களையும் நடந்துகொண்டே பார்த்தார்கள், பதினான்காவதில் கால் நின்றுவிட்டது. நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருப்பேன். ஒரு பெண்மணி முக்கால் மணிநேரம் நின்றார். பேருந்து ஓட்டுநர் ஒருவர் சீருடையோடு வந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு விமர்சகர், சிரித்து நான் பார்த்ததில்லை, பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். 'இருபத்தொரு படங்கள் வானத்தைக் காட்டுகின்றன, இந்த ஒன்று நம்மை அதற்குள் விழவைக்கிறது' என்று ஒரு வரி. அந்த வரியை வெட்டி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். இருபத்தொன்று அக்கா, ஒன்று நான். அவருக்குத் தெரியாமலே கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார்.

தினமும் கூடம் மூடியதும் பார்வையாளர் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். 'பதினான்காவது படத்தின் முன் என் அம்மாவை நினைத்து அழுதேன்.' 'பதினான்கு: காலடியில் வானம்.' 'கலைஞருக்குக் கோடி நன்றி.' அந்தக் கோடி நன்றியில் எனக்கு ஒரு பங்காவது உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். மனைவியையும் கூட்டிப் போனேன். அவளுக்கு ஓவியம் என்றாலே கொட்டாவி வரும். அன்றைக்குப் பதினான்காம் எண் முன் நின்றவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, எனக்குத் தலையைச் சுத்துது. வாங்க போயிடலாம்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தெட்டு வருடத்தில் அவள் எனக்குக் கொடுத்த பாராட்டிலேயே பெரியது அதுதான். அவளிடமும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் வாயை மூடிக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே, கர்ப்பிணிப் பெண் கூட எட்டாம் மாதம் அப்படிப் பட்டிருக்க மாட்டாள்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை காலை அக்கா ஊன்றுகோலோடு வந்தபோது நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். திங்கட்கிழமை கூடத்துக்கு விடுமுறை. கால் கட்டு அவிழ்க்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, ஆனால் கூட்டத்தில் இடிபடாமல் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மேலாளர் அம்மாவிடம் கேட்டு வந்திருந்தார். மேலாளர் கதவைத் திறந்து விட்டுவிட்டு ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார். உள்ளே நாங்கள் இருவர் மட்டும்.

அக்கா ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "அழகா மாட்டியிருக்கே தம்பி. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். பதினான்காவதுக்கு வந்தோம். பார்த்தார். தலையை ஆட்டினார். பதினைந்தாவதுக்குப் போகக் காலை எடுத்து வைத்தார்.

அவருக்கே தெரியவில்லை, ஐயா. அந்த இடத்தில் நான் விட்டிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அக்கா வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார். என்னால் விட முடியவில்லை.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"என்னத்தை உடைச்சே?"

"உடைக்கலக்கா. இந்தப் படம் தலைகீழா இருக்கு. நான்தான் மாட்டினேன். வேணும்னேதான் மாட்டினேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினேன். முக்காலி, சாப்பாட்டுப் பாத்திரம், அப்பா தூக்கிப் போட்டது எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். திட்டுவார் என்றும் நினைத்தேன். கட்டிப் பிடித்துக்கொள்வார் என்றும் நினைத்தேன். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

அக்கா சிரித்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அட போ தம்பி. இதுக்கு ஏது தலை, ஏது கீழ்? வேன் மேல மல்லாந்து படுத்துக்கிட்டுப் பாத்த வானம் இது. எப்படி வெச்சாலும் ஒண்ணுதான்."

"பின்னால அம்பு போட்டிருந்தீங்களேக்கா."

"அதுவா? கூடத்துல அம்பு இல்லாம வாங்க மாட்டோம்னு சொன்னாங்க. கண்ணை மூடிக்கிட்டு இருபத்திரண்டுலயும் இழுத்து விட்டேன். எனக்கே எது மேலன்னு தெரியாது, உனக்கு எங்க தெரியப் போகுது?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? முப்பத்தொரு வருடமாக ஒரு அம்பைக் கூட மீறாதவன், முதல்முறையாக மீறினேன், அந்த அம்பு கண்ணை மூடிக்கொண்டு போட்டதாம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"இதை நான் விடப் போறதில்ல. சனிக்கிழமை நிறைவு விழாவுல மேடையில சொல்றேன் பாரு. அந்த விமர்சகரு முன்வரிசைலதான் உக்காருவாரு. ஊரே சிரிக்கட்டும்."

அக்காவிடம் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நல்ல வேடிக்கை கிடைத்தது, நாலு பேரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். என் மேல் பிரியம் கூட. எனக்கும் அவர் மேல் கோபம் இல்லை. முக்கால் மணிநேரம் நின்ற பெண்மணியையும், பேருந்து ஓட்டுநரையும், அவர் மனைவியையும்தான் நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமைக்குப் பிறகு அவர்கள் எல்லோரும் தாங்கள் ஒரு நகைச்சுவைக்கு முன்னால் நின்று அழுததாக நினைத்துக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவர் அவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும் இல்லையா?

அப்போது அக்காவே கேட்டார். நான் யோசனை சொல்லவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"இதையெல்லாம் சுவத்துல பாக்கறதே தப்பு தம்பி. மேல மாட்டணும். கீழ படுத்துக்கிட்டுப் பாக்கணும். இன்னிக்கு யாருமில்லையே, இந்த ஒண்ணை மட்டும் மேல ஏத்திக் காட்டேன்."

கூடத்தின் நடுவில் கூரையில் ஓர் இரும்பு உத்தரம் உண்டு. சிலைகளை இறக்க ஏற்ற அதில் ஒரு கப்பி தொங்கும், மூன்று உருளைக் கப்பி, கனத்தை மூன்றில் ஒரு பங்காக்கிக் காட்டும். தள்ளுவண்டியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, படத்தை ஒவ்வொரு மூலையாக அதன் மேல் இறக்கி, தனி ஆளாகவே நடுவில் கொண்டுவந்தேன். பலகையின் பின்பக்கம் நான்கு மூலையிலும் இரும்பு வளையம் இருந்தது. நான்கு வளையத்துக்கும் நான்கு சங்கிலி, நான்கையும் சேர்த்து ஒரு கயிறு. இடுப்புயரத்துக்கு ஏற்றி நிறுத்தி, பலகையின் முதுகில் ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். நீளவாக்கில் சரி. அகலவாக்கில் இடப்பக்கம் கொஞ்சம் இறக்கம். ஒரு சங்கிலியில் ஒரு கண்ணி குறைத்தேன். குமிழி நடுவில் வந்தது. பிறகு இரண்டாள் உயரத்துக்கு ஏற்றினேன். வானம் தரையைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. கயிற்றைச் சுவரிலிருக்கும் இரும்பு முளையில் எட்டுப் போலச் சுற்றி, மேலே இரண்டு முடிச்சுப் போட்டேன். யானையைக் கட்டினாலும் அவிழாத முடிச்சு.

அக்காவைக் கைத்தாங்கலாகப் பிடித்து நடுவில் படுக்கவைத்தேன். தரை சில்லென்று இருக்குமே என்று படங்களைச் சுற்றிக் கொண்டுவந்த கம்பளியை விரித்துக் கொடுத்தேன். தலைக்கு என் மேல்சட்டையை மடித்து வைத்தேன். கட்டுப்போட்ட காலை நேராக நீட்டிவிட்டேன். சௌகரியமா என்று கேட்டேன். "ராணி மாதிரி இருக்கேன்" என்றார்.

நான் முளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அக்கா ஒரு கையை மேலே நீட்டி, அந்த வெளுப்பின் ஓரத்தைக் காற்றிலேயே விரலால் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இப்பத்தான் தம்பி சரியா மாட்டியிருக்கே."

அந்த ஒரு வார்த்தை, ஐயா. முப்பத்தொரு வருடம். இப்பத்தான் சரியா. கடைசியாக ஒன்று கேட்டேன். நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன். "அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எந்தப் பக்கம் மேல?"

அக்கா மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். நல்ல சிரிப்பு, மனசு விட்டுச் சிரித்த சிரிப்பு. கூடம் முழுக்க எதிரொலித்தது. நான் முடிச்சை அவிழ்த்தேன். முதல் முடிச்சு, இரண்டாவது முடிச்சு, அப்புறம் சுற்று.

உங்கள் அறிக்கையில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பலகை நேராக இறங்கியது. நான்கு மூலையும் ஒன்றாக. ஒரு மூலை கூட இன்னொன்றை முந்தவில்லை. அவ்வளவு எடையுள்ள பலகையை அப்படி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், இந்தத் தொழிலில் இன்னொருவரால் முடியாது. அக்காவுக்கு வலித்திருக்காது. சிரிப்பு பாதியில் நின்றது, அவ்வளவுதான்.

அப்புறம் நான் கத்தினேன், ஆட்களைக் கூப்பிட்டேன், அழக்கூடச் செய்தேன். அழுதது நடிப்பில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். நான்காம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. 'கயிற்றின் முடிச்சு முறையாகப் போடப்படாததால் தானாக அவிழ்ந்து.' மேலாளர் அம்மா அதைப் படித்துக் காட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மேல யாருக்கும் கோவம் இல்லண்ணா. வயசாகுது, கை தளர்ந்திருக்கும். கொஞ்ச நாள் வீட்ல ஓய்வா இருங்க" என்றார். கை தளர்ந்திருக்குமாம். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி, அக்காவை நினைத்து நான் வேதனைப்படுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சுமைக்காரர்கள் தெருவில் பார்த்தால் பாவமாகப் பார்க்கிறார்கள். என் முடிச்சு அவிழ்ந்ததாம். நான் போட்ட எந்த முடிச்சும் தானாக அவிழாது, ஐயா. அவிழ்த்தது நான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எழுதிவிட்டீர்களா? மிச்சம் ஒரு சின்ன வேண்டுகோள் இருக்கிறது. பலகை அந்தக் கதவு மரம், அதற்கு ஒரு கீறல்தான் விழுந்ததாம். துடைத்து மறுபடி சுவரில் மாட்டிவிட்டார்கள். நிறைவு விழாவை நினைவு விழா ஆக்கி, கண்காட்சியை இன்னும் ஒரு மாதம் நீட்டியிருக்கிறார்கள். மாட்டியவர் புதிய ஆள், பின்னால் அம்பைப் பார்த்திருக்கிறார், அம்பு மேலே இருக்கும்படி மாட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தொழிலின் முதல் பாடம் அது. ஆனால் படம் பாழ்.

மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அதே மாதிரிதாங்க தலையைச் சுத்துது" என்றாள். அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. குறிப்பேட்டில் இப்போதும் 'காலடியில் வானம்' என்று எழுதுகிறார்களாம். பத்திரிகையில் படித்ததைத் திருப்பி எழுதுகிறவர்கள் எப்போதும் உண்டு. அந்த விமர்சகர் மறுபடி வந்து ஒரு மணிநேரம் நின்றாராம். அவரும் பழக்க தோஷத்தில் நின்றிருப்பார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதைத் திருப்பி மாட்டிவிடுவார்கள். கீழே என் பேர் வேண்டாம். நான் மாட்டியபடி இருந்தால் போதும்.

என்ன, இரண்டு புகைப்படமா? ஓ, படத்தை மட்டும் தனியாக எடுத்தது. ஒன்று திறப்பு விழாவன்று, ஒன்று நேற்று. எது நான் மாட்டியது என்று காட்ட வேண்டுமா? தாராளமாக. நீங்கள் இப்படி மேசைமேல் வைத்ததும் பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதோ, இதுதான். இந்த வெளுப்பு மேலே போகிறது, நாம் விழுகிறோம். நெஞ்சுக்குள் அப்பா தூக்கிப் போடுகிறார். அந்த இன்னொன்றைப் பாருங்கள், ஒன்றுமே இல்லை, வெறும் நீலச் சாயம். குழந்தைக்குக் கூட வித்தியாசம் தெரியும்.

பின்னால் தேதி எழுதியிருக்கிறதா? திருப்புங்கள், பார்ப்போம்.

நேற்றைய தேதி.

அப்படியென்றால் நீங்கள் அதை மேசையில் தலைகீழாக வைத்துவிட்டீர்கள், ஐயா.